வண்டி சொன்ன துக்கம்

போனையும் காரையும் சேர்த்து வைப்பதற்கு சூப்பர்வைசருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. ரெண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. போனில் புளூடூத்தைப் போட்டால் ஹாலில் இருக்கிற டிவி "நான் வரவா" என்று எட்டிப் பார்த்தது. டிவியை விரட்டினால் முதல் மாடிக்காரர் வீட்டு ஸ்பீக்கர் வந்து நின்றது. ஊரில் இருக்கிற கருவியெல்லாம் உறவு கொண்டாடியது, சொந்தக் காரை மட்டும் காணோம்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"என்னங்க, சாவியப் போட்டுத் திருப்பினீங்களா?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சரி. திருப்பினீங்களா?"

திருப்பவில்லை. திருப்பியதும் காரின் திரையில் வெளிச்சம் வந்தது. போனிலும் காரிலும் ஒரே எண் தெரிந்தது. போனில் இருக்கிற பேர்களையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கார் கேட்டது. போன் வந்தால் நானே பேசட்டுமா, மெசேஜ் வந்தால் நானே வாசிக்கட்டுமா என்றும் கேட்டது. சூப்பர்வைசர் எதையும் படிக்காமல் சரி, சரி, சரி என்று அமுக்கினார். மாமனார் வீட்டில்கூட அவர் இத்தனை 'சரி' சொன்னதில்லை.

இவ்வளவு பாடும் சகலைக்காகத்தான். மனைவியின் அக்கா புருஷன், வேறொரு கம்பெனியில் மேனேஜர். சாப்பிடும்போதுகூட, "எங்க மேனேஜர்கள் மீட்டிங்ல ஒரு தடவை..." என்று ஆரம்பிக்காமல் முதல் வாய் உள்ளே போகாது. பழைய வண்டிதானே வாங்கினாய் என்று அவர் உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னால், வண்டியைப் பேச வைத்துக் காட்டிவிட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் வைராக்கியம்.

அதைவிடப் பெரிய ஆசையும் ஒன்று இருந்தது. அவர் வேலை பார்க்கிற டைல்ஸ், குழாய் ஷோரூமுக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்குப் போகிற குழுவில் சேர்ந்தால் மூத்த ஆள் என்ற கணக்கில் அங்கே அவர்தான் மேனேஜர். யாரைச் சேர்ப்பது என்பது இப்போதைய மேனேஜர் கையில். அவரோ மூட்டுவலிக்காரர், முசுடு. கேட்டால், "பாக்கலாம்" என்பார். பார்த்துக்கொண்டே இருந்தார். சேர்த்துவிட்டால் சகலைக்கு முன்னால் தானும் "எங்க மேனேஜர்கள் மீட்டிங்ல" என்று சொல்லலாம். சேர்க்காவிட்டால் சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சகலை வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பெயின்ட் நல்லாத்தான் இருக்கு சகலை. முன்னாடி வச்சிருந்தவர் கழுவாமலே காப்பாத்தியிருக்காரு."

"உள்ள ஏறுங்க. வண்டி பேசும்."

"பேசுமா? உங்க வீட்டுல இன்னொண்ணா?"

"மாமா, உங்க வீட்டுல அக்கா பேசறதையே நீங்க கேக்கறதில்ல, இதையாவது கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி பின்சீட்டில் ஏறினாள். சூப்பர்வைசர் போனை அவளிடம் நீட்டினார்.

"பையில வச்சுக்கோ. இனிமே இதத் தொடவே தேவையில்ல. எல்லாம் வண்டியே பாத்துக்கும்."

தெருமுனை திரும்புவதற்குள் 'டிங்' என்று மணி அடித்தது. காருக்குள் இருக்கிற அம்மாள் தொண்டையைத் திறந்தாள். இங்கிலீஷ்காரி. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை அவள் பாணியில் வாசித்தாள்.

"ஆய்ல் வான்கிட்டு வாங்கா."

சூப்பர்வைசர் முழித்தார். சகலைக்கு உடனே பிடிபட்டது.

"ஆயில் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றா. என் சம்சாரம்தான் உங்க போனுக்கு அனுப்பியிருக்கா. எனக்கு அனுப்பினா நான் பாக்க மாட்டேன்னு தெரியும்." பெருமையாகச் சாய்ந்துகொண்டார். "எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி மெஷின் நிறைய. பழகிட்டா அவ பேசறது நல்லாப் புரியும்."

அதோடு மொழிபெயர்க்கிற வேலை சகலைக்குப் போயிற்று. சூப்பர்வைசருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். வண்டி நம்முடையது, பெருமை அவருடையது.

மறுபடி 'டிங்'. இந்தத் தடவை ஷோரூம் கேஷியரிடமிருந்து.

"சார். மேனேஜர் செத்தூடாரூ. இப்போ டான். வாஸ்... துக்கல். எல்லாரம் கீஸா நிக்கிரோம். சீக்கிரம் வாங்கா."

சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சகலை! உங்க மேனேஜர் செத்துட்டாராம்!"

"என்னது?"

"இப்பத்தானாம். ஏதோ துக்கம்னும் சொன்னா, கேட்டீங்கல்ல? எல்லாரும் கீழ நிக்கறாங்களாம். அப்படின்னா மேல கேபின்லதான் கிடத்தியிருக்காங்க. உக்காந்த நாற்காலிலயே போயிருக்கார் மனுஷன்."

சூப்பர்வைசர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நெஞ்சு படபடத்தது. படபடப்பில் துக்கம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அந்த நேரத்தில் யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"போன எடுத்துப் படிச்சுப் பாத்துடட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"அதான் வண்டி சொல்லிடுச்சே! இதுக்கு மேல என்ன படிக்கறது?"

"ஏம்மா, சாவு விஷயத்துல மெஷின் பொய்யா சொல்லும்?" என்றார் சகலை.

வண்டி ஷோரூம் பக்கம் திரும்பியது. முதல் சிக்னல் வரைக்கும் மேனேஜர் ரொம்ப நல்லவராக இருந்தார். "ஆயிரம் சொல்லுங்க சகலை, தங்கமான மனுஷன்." காலையில்தான் அதே தங்கத்தைக் கடுவன் பூனை என்று சொல்லியிருந்தார். ரெண்டாவது சிக்னலில், "வயசும் ஆச்சு, பாவம்" என்று தங்கம் பித்தளையாக மாறியது. மேம்பாலம் ஏறும்போது சகலைதான் வாயைக் கிளறினார்.

"அப்ப அந்த சீட்டு?"

"ச்சே! இப்பப் போயா அதப் பேசறது?"

"சரி, பேசல."

வண்டி பாலத்தின் உச்சியைத் தொட்டது.

"சீனியாரிட்டின்னு பாத்தா நான்தான்" என்றார் சூப்பர்வைசர்.

பின்சீட்டிலிருந்து மனைவி சொன்னாள். "கிழவன் எப்ப சாவான், கட்டில் எப்ப காலியாகும்னு இருந்திருக்கீங்க."

"நீ சும்மா இரு. நான் கம்பெனியப் பத்தித்தான் கவலைப்படறேன். புதுக் கிளை என்ன பெரிய கிளை? தாய்க் கடையே இப்ப அனாதையா நிக்குது."

"இதுக்கு முந்திக்கணும் சகலை" என்று சகலை ஆலோசனை சொன்னார். "மொதலாளி வேற யாரையாவது யோசிக்கறதுக்குள்ள நீங்க பேசிடணும். எங்க கம்பெனில நான் அப்படித்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் எப்படி மேனேஜர் ஆனார் என்பது அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

சூப்பர்வைசர் ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தானை அமுக்கி, "மொதலாளி" என்றார். இங்கிலீஷ்காரி முதல் மாடிக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"சொல்லுங்க சார், மோட்டாரப் போடட்டுமா?"

"வேணாம் சார், வைங்க வைங்க!"

மறுபடி அமுக்கி, நிறுத்தி நிதானமாகச் சொன்னதும் முதலாளி கிடைத்தார். சூப்பர்வைசர் குரலை நனைத்துக்கொண்டார்.

"மொதலாளி... விஷயம் இப்பத்தான் வந்துச்சு."

"அதுக்குள்ளயா? யாருப்பா சொன்னது?"

"கேஷியர் மெசேஜ் போட்டாரு. கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ரெண்டு நாளா இழுத்துக்கிட்டே இருந்துச்சுப்பா. இன்னைக்குத்தான் முடிஞ்சுது."

"ரொம்ப சிரமப்பட்டாரா மொதலாளி?"

"அவரா? பிடிவாதக்காரர் ஆச்சே, லேசுல விடுவாரா? கடைசில நான்தான் சொல்லிட்டேன். போதும்யா, முடிச்சு விட்டுடலாம்னு."

"ஐயையோ" என்றாள் மனைவி பின்னாலிருந்து. சகலை கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசருக்கு முதலாளி மேல் இதுவரை இல்லாத ஒரு பயம் வந்தது. ஆனால் ஆசைக்கு முன்னால் பயம் எம்மாத்திரம்?

"மொதலாளி, இந்த நேரத்துல பேசக்கூடாது. ஆனா அந்த நாற்காலி ஒரு நாள்கூட காலியா இருக்கக்கூடாது."

"எந்த நாற்காலி?"

"மேனேஜர் நாற்காலிதான். நான் இருக்கேன், நீங்க கவலையே படாதீங்க. உள்ளதச் சொல்லணும்னா, கொஞ்ச வருஷமாவே அவர் பேருக்குத்தான் உக்காந்திருந்தாரு. காலைல பேப்பரு, மத்தியானம் தூக்கம். வேலை மொத்தமும் என் தலைலதான். செத்தவரக் குறை சொல்லக்கூடாது, இருந்தாலும்..."

"யாருப்பா செத்தது?"

காருக்குள் இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான்தான்யா" என்றது ஒரு குரல்.

முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு என்று நாலு ஸ்பீக்கரிலிருந்தும் அது சூப்பர்வைசரைச் சுற்றி வளைத்தது. முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்ட பேச்சு மொத்தத்தையும் கேட்டிருக்கிறார் மேனேஜர்.

"ச... சார்..."

"பொணம்தான் பேசுது, சொல்லு. மத்தியானம் தூக்கம். அப்புறம்?"

"சார், வண்டி வந்து..."

"நேர்ல வா. நான் கீழ இறங்கி நிக்கறேன். மூட்டுவலி பொணம், கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

போன் வைக்கப்பட்டது. மனைவி பையைத் திறந்து போனை எடுத்தாள். படித்தாள்.

"சேத்துட்டாருங்க."

"என்ன?"

"செத்துட்டாரு இல்ல. சேத்துட்டாரு. புதுக் கிளைக்கு உங்கள சேத்துட்டாரு. துக்கமும் இல்ல, வாழ்த்துக்கள்னு போட்டிருக்கு. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா சேவுக்கும் செவுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? நான் அப்பவே படிக்கறேன்னு சொன்னேன்."

சூப்பர்வைசர் சகலையைப் பார்த்தார். மெஷின் பாஷை பழகிய சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நெடில்தானே சகலை" என்றார், வெளியே பார்த்தபடியே.

திரும்பிப் போய்விடலாம் என்றால் ஷோரூம் வந்துவிட்டது. வாசலில் நின்ற ஊழியர்கள் காரைப் பார்த்ததும் கை தட்டினார்கள். கேஷியர் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"வாழ்த்துக்கள் சார்! ஸ்வீட் எங்க?"

"கொஞ்சம் பொறுங்கய்யா."

வாஷ்பேசின்கள் அடுக்கியிருந்த மாடிப்படி வழியாக மேனேஜர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு படி, ஒரு மூச்சு. அவர் வந்து சேரும் வரை சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் தன் கையை நீட்டினார்.

"தொட்டுப் பாருய்யா. சூடு இருக்கா?"

"இருக்கு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அப்புறம் மறுபடி மொதலாளிக்குப் போன் போட்டுடாத."

"சார், அது வண்டி பண்ணின தப்பு சார். நெடிலக் குறிலா வாசிச்சிடுச்சு."

"சரிய்யா. நான் செத்துட்டேன்னு வண்டி சொல்லிச்சு, ஒத்துக்கறேன். பேருக்கு உக்காந்திருந்தேன்னு சொன்னது வண்டியா?"

சூப்பர்வைசர் திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"மொதலாளி வேற ஆளத்தான் சொன்னாரு. நீதான் போகணும்னு ரெண்டு நாளாப் பிடிவாதம் பிடிச்சது நான். இப்பல்ல தெரியுது, இங்க வேலை மொத்தமும் உன் தலைலன்னு. உன்ன அனுப்பிட்டா இந்தக் கடை என்னய்யா ஆகும்? நீ இங்கேயே இரு." அப்படியே கேஷியர் பக்கம் திரும்பினார். "மொதலாளி சொன்ன ஆள் நீர்தான். உம்ம சேத்தாச்சு. சே, நெடில். எல்லாரும் கேட்டுக்கங்க."

கேஷியருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஊழியர்கள் தட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, கேஷியரைப் பார்த்து இன்னொரு தரம் தட்டினார்.

சகலை கார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். சாவு வீட்டில் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"போயிடுச்சா சகலை?"

"என்னய்யா நிக்கற?" என்றார் மேனேஜர். "மேல வா. குழாய் லோடு வந்திருக்கு, நான் மத்தியானம் தூங்கணும்ல?"

"சார், இன்னைக்கு எனக்கு லீவு சார்."

"எனக்கும்தான் காரியம் முடியல. வாய்யா."

மனைவி பின்சீட்டிலிருந்து இறங்கினாள்.

"மாமா, நீங்க வண்டிய எடுங்க. அவருக்கு வேலை மொத்தமும் தலைல இருக்கு, வர நேரமாகும். போற வழில ஆயில் வாங்கணும்."

சகலை முன்சீட்டை அவளுக்கு விட்டு இறங்கி, இந்தப் பக்கம் வந்து கையை நீட்டினார். சூப்பர்வைசர் சாவியைக் கொடுத்தார். கார் போனதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தார். ஒரு படி, ஒரு மூச்சு. பின்னாலேயே சூப்பர்வைசரும் ஏறினார். முந்திப் போக வழியும் இல்லை, தைரியமும் இல்லை.