வாபஸ் வாங்கிய வழக்கு

தொமித்தீலா, கொரிந்தோ துறைமுகத்து வாசலில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவுக்கு எதிராக உலக நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை நிகராகுவா வாபஸ் வாங்கிவிட்டதாம். இனி இரு நாடுகளும் நண்பர்களாம். அவள் அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த மீன் அப்படியே கிடந்தது.

ஏழு வருடத்துக்கு முன் இதே துறைமுகத்துத் தண்ணீரில் அமெரிக்காக்காரர்கள் கண்ணிவெடி வைத்தார்கள். இறால் பிடித்துத் திரும்பிய அவள் கணவன் காசிமீரோவின் படகு அவற்றில் ஒன்றின் மேல் ஏறியது. படகு சிதறியது, அவனுக்கு இரண்டு கண்ணும் போயின. பிற்பாடு நீதிமன்றம், செய்தது குற்றம், நஷ்டஈடு கொடு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நீதிமன்றம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்கா கையை விரித்தது. அப்போதும் அவள் நம்பிக்கையை விடவில்லை. அரசாங்க வக்கீல் ரெனால்தோ அவள் வீட்டுக்கே வந்து, அரை நாள் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாக எழுதிப்போயிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள்.

"போய் என்ன ஆகப்போவுது?" என்றான் காசிமீரோ, கட்டிலில் இருந்தபடி.

"கண்ணு போனது உனக்கு. வாக்குமூலம் கொடுத்தது நான். பேசாம படு."

தலைநகர் மனாகுவாவில், வழக்கை நடத்திய அரசு அலுவலகத்தில் ரெனால்தோ இன்னும் இருந்தான். ஆட்சி மாறியிருந்தது, அவன் நாற்காலி மாறவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அம்மா, உட்காருங்க. காப்பி சாப்பிடுறீங்களா?"

"காப்பி குடிக்கவா ஆறு மணி நேரம் பஸ்ல நின்னு வந்தேன்? வழக்கை யாரு திருப்பி வாங்கினது?"

"மனுதாரர்தான் வாங்கணும், அம்மா. சட்டம் அப்படி."

"மனுதாரர் யாரு?"

"நாடு."

"என்னை யாரும் கேக்கலையே தம்பி. காசிமீரோவைக் கேட்டாங்களா?"

ரெனால்தோ மேசையைப் பார்த்தான். "நட்பா இருந்தா உதவி வரும்ங்கிறாங்க. அவங்க பெரிய நாடு. நாம ஜெயிச்சும் அவங்க நஷ்டஈடு கட்டலையே."

"கட்டாதவன் அப்போ திமிரா இருந்தான். நாம இப்போ அவன் பண்ணலைன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். எது கேவலம்?"

"அப்படி எழுதலை, அம்மா."

"வேற எப்படிப் படிப்பான் அவன்?" கூடத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "என் வாக்குமூலத்தை எடு. படி. நீதானே எழுதினே."

அவன் தயங்கினான். பிறகு அலமாரியைத் திறந்து வழக்குக் கோப்பை எடுத்தான். நின்றுகொண்டே படித்தான். முதலில் முணுமுணுப்பாக, அப்புறம் குரல் தானாக உயர்ந்தது. வெடிச்சத்தத்தில் துறைமுகத்து ஜன்னல்கள் உடைந்தது, காசிமீரோவைப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தது, வழியெல்லாம் அவன் விளக்கைப் போடச் சொன்னது, அப்போது நண்பகல் என்பது எல்லாம் அதில் இருந்தன.

உள்ளறையிலிருந்து மேலதிகாரி வந்தார். "ரெனால்தோ, நிறுத்துங்க."

அவன் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை படித்தான். கூடத்தில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி கோப்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"என் வேலை போயிடும், அம்மா," என்றான் ரெனால்தோ மெதுவாக.

"போகட்டும். உன் கண்ணு இருக்கில்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அது சுட்டது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சாத்திய கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காவலாளி வந்து எழுந்திருக்கச் சொன்னான்.

"என் வாக்குமூலத் தாளைக் கொடுக்கச் சொல்லு, எழுந்திருக்கிறேன்."

அலுவலகம் மூடும்வரை யாரும் கொடுக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் கைக்கொருவராகப் பிடித்து அவளைத் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை, கதவு திறக்கும் முன்பே, அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.