பாவாடையோடு வந்த பேண்ட்

புற்றுநோய் மருந்து ஏறியதில் தையற்காரியின் தலைமுடி போயிற்று, புருவம் போயிற்று, டீயைக் குடித்தால் சாவியை நக்கினது போல் இருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. நாத்தனாரைச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

நாத்தனார் பள்ளி வேன் ஓட்டுகிறவள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவாள். அண்ணிக்கென்று எடுத்துவந்த பிஸ்கட்டை அவளே தின்று தீர்ப்பாள்.

"எனக்கு மருந்து ஏறுது, உனக்கு எடை ஏறுது."

"வீணாப் போகக் கூடாதுல்ல அண்ணி."

இத்தனை பேசுகிற தையற்காரி ஒன்றை மட்டும் மறைத்தாள். இரண்டு மாதமாக அவளுடைய விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. துணியைத் தொட்டால் கையுறை போட்டுத் தொடுவது போல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் மருந்தேற்றிக்கொண்டிருந்த பெரியவருக்கு விரல் மரத்ததால் மருந்தையே நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. மருந்து நின்றால் நோய் திரும்பிவிடும் என்று பயந்தாள். அதனால் நர்ஸ் விரலைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு தடவையும், ஒரு குறையும் இல்லை என்று சாதித்தாள்.

இன்று கையோடு சாட்சியும் கொண்டுவந்திருந்தாள். நர்ஸின் புதுச் சீருடை பேண்ட் நீளம் என்று போன தடவை வாங்கிப் போயிருந்தாள். காத்திருக்கும் நேரத்தில் அதை மடியில் போட்டு, கால் விளிம்பை மடித்துக் கைத்தையல் போட்டாள். கண் மங்குகிறது என்று சாக்குச் சொல்லி நூல் கோக்கும் வேலையை நாத்தனாரிடம் தள்ளினாள். நாத்தனார் மறுபேச்சில்லாமல் கோத்துக் கொடுத்தாள்.

நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்தாள். "விரல் எப்படிம்மா? மரத்துப்போகுதா?"

"மரத்த விரல் இப்படித் தைக்குமா? பாரு."

நர்ஸ் பேண்ட்டைப் பிடித்து இழுத்தாள். பேண்ட்டோடு தையற்காரியின் பாவாடையும் கிளம்பி வந்தது. இரண்டையும் சேர்த்து, கோடு போட்ட மாதிரி நேராகத் தைத்து வைத்திருந்தாள்.

நாத்தனாருக்குப் பிஸ்கட் புரையேறியது. "சிஸ்டரை வீட்டுக்கே இழுத்துட்டுப் போற உத்தேசமா அண்ணி?"

தையற்காரி சிரிக்கவில்லை. நாத்தனாரின் சிரிப்பும் அடங்கியது. "எனக்குத் தெரியும் அண்ணி. போன வாரம் வீட்டுல தைக்கும்போது ஊசி குத்தி விரல்ல ரத்தம் வருது, நீங்கபாட்டுக்குப் பேசிட்டிருந்தீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அந்தப் பெரியவருக்கு நிறுத்திட்டாங்களேடி."

"அவருக்கா?" என்றாள் நர்ஸ். "அவருக்குப் போட வேண்டியது எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரும்மா. விரல் மரத்தா டாக்டர் பாத்து அளவைக் குறைப்பாரு, இல்ல மருந்தை மாத்துவாரு. சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்?"

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். தையற்காரிக்குப் பொறுக்கவில்லை. "துணியில கத்தரி வைக்காதே. தையலைப் பிரிக்கணும்." தானே பிரிக்கப் பார்த்தாள். நூல் எங்கே என்றே விரலுக்குப் புலப்படவில்லை. ஊசியை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"மெதுவா. வேன் ஓட்டுற கை அது. குத்திடாதே."

"குத்தினா உங்களுக்குத் தெரியவா போகுது?"

தையற்காரி அவளை முறைத்தாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"தெரியாது," என்றாள் நர்ஸைப் பார்த்து. "எழுதிக்கோ சிஸ்டர்."