கரித்தூள் மைக்

கித்தார் கேட்காமலே போனால் தேவலை என்றுதான் ஜெயபாலனுக்கு இருந்தது. ஆனால் அதைக் கேட்க வைப்பதற்காகவே அவன் ஈப்போவில் சன்னாசியின் ரேடியோ கடையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து இரண்டாவது வருஷம் அது. கேளிக்கைப் பூங்காவில் நாடகக்காரர்களுக்கு வாசித்துப் பிழைத்தவனை ஒரு ராணுவ அதிகாரி பிடித்துப் பிரசார லாரியில் ஏற்றிவிட்டான். லாரியின் தலையில் ஒலிபெருக்கி. ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். ஜெயபாலன் வாசிப்பான். மாயாண்டி, முன்பு தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி, மைக்கில், "இலவச ஆட்டம், எல்லாரும் வாங்க" என்று கூப்பிடுவார். லயத்து வீடுகளின் சனம் களத்தில் கூடியதும் பின்னால் இரண்டு காலி லாரிகள் வந்து நிற்கும். திடமான ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், சயாம் காட்டில் ரயில் பாதை போட; போனவர்கள் திரும்புவதில்லை. முதல் தோட்டத்தில் ஜெயபாலனுக்கு இது தெரியாது. இரண்டாவது தோட்டத்தில் தெரிந்தே வாசித்தான். அன்றைக்கு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

இருந்தது ஒரே மைக். அதுவும் மாயாண்டி கையில். டைனமோ இரைச்சலில் கித்தார் நாலடி தாண்டவில்லை. "திங்கட்கிழமை இது ஸ்பீக்கரில் வரணும். வராவிட்டால் நீயும் சயாம்" என்று அதிகாரி தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டான்.

சன்னாசி மேசைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்.

"இது கிராமபோன் தலை. மரத்து மேல ஒட்டினா கித்தார் சத்தம் அப்படியே வரும், சுத்தமா. ஆனா உள்ள இருக்கறது ஒரு மாதிரி உப்புக்கட்டி. லாரி வெயில்ல ரெண்டு நாள் தாங்காது லா. இது டெலிபோன் காதுல வைக்கிறது. காந்தம், கம்பிச்சுருள். எஃகுக் கம்பி ஆடுனா மட்டும் இழுக்கும், வேற ஒன்னும் எடுக்காது. உனக்கு இதுதான் சரி."

"அது என்னண்ணே?"

"அது டெலிபோன்ல பேசற பக்கம். கரித்தூள் மைக். இரையும், கத்தும். மரத்துல கட்டுனா உன் மூச்சுக்கூடக் கேக்கும். நீ பக்கத்துல பேசுனா தோட்டம் பூரா கேக்கும். வேணாம்."

ஜெயபாலன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இதையே கட்டுங்கண்ணே."

சன்னாசி அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கடைக்கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார். "ஊமைக்கு வாய் குடுக்கிற மாதிரி இருக்கு. யாரு கட்டுனதுன்னு கேட்டா என் பேரு வரக்கூடாது" என்றார். பிறகு கித்தாரின் ஓட்டைக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோலா கங்சார் சாலையில் ஒரு தோட்டம். முதல் மீட்டலிலேயே ஒலிபெருக்கி தகரத்தைக் கீறினாற்போல் கத்தியது. அதிகாரி முகம் சுளித்தான். ஆனால் சத்தம் களத்தின் மறுகோடிவரை எட்டியதைப் பார்த்து, "பாகூஸ்" என்று மலாயில் மெச்சித் தலையாட்டினான்.

சனம் சேர்ந்தது. ஜெயபாலன் நன்றாகக் குனிந்து, வாயைக் கித்தாரின் ஓட்டைக்கு அருகில் கொண்டுபோய், கோயில் பஜனை மெட்டில் பாடினான்.

"லாரி வருது, ஏத்திடுவான், சயாமுக்கு. ஆம்பளைங்க நிக்காதீங்க. பால்வெட்டு மரத்துப் பக்கம் போயிருங்க..."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது; பாட்டு என்று நினைத்துக்கொண்டான். மாயாண்டிக்குத் தெரியும். கையில் மைக்கோடு மூன்றடி தள்ளி நின்ற மனிதர், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் முறை வந்ததும் "எல்லாரும் வாங்க, வாங்க" என்று வழக்கம்போலக் கூப்பிட்டார்.

முதலில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் புருஷன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பிறகு ஒதுங்கப் போகிறவர்கள்போல இரண்டு பேர். அப்புறம் நாலைந்து பேர். லாரிகள் வந்து நின்றபோது களத்தில் பெரும்பாலும் கிழவர்களும் பெண்களுமே மிச்சம். ஐம்பது பேர் வேண்டிய இடத்தில் பதினொரு பேர்தான் அகப்பட்டார்கள்.

அதிகாரி நேரே மாயாண்டியிடம் போய்ப் பளாரென்று அறைந்தான். ஒழுங்காகக் கூப்பிடத் தெரியாதவன் ரயில் பாதைக்குப் போகட்டும் என்றான். இரண்டு சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள்.

ஜெயபாலன் கித்தாரோடு எழுந்தான். "துவான், அவர் இல்ல..." என்று அதிகாரியிடம் மலாயில் ஆரம்பித்தான்.

"உக்காரு லா!" என்றார் மாயாண்டி தமிழில். உதட்டில் ரத்தம். "நீ பாடினது எனக்குக் கேட்டுச்சு. பேசாமத்தானே இருந்தேன்? இப்ப வாயத் தொறந்தா ரெண்டு பேரும் போவோம். என் சம்சாரம் செல்லாயிகிட்ட போய்ச் சொல்லு."

ஜெயபாலன் உட்கார்ந்தான். அவர் சொன்னதற்காகத்தான் உட்கார்ந்தோமா, பயந்து உட்கார்ந்தோமா என்று அவனுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. கித்தாரிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போகும் ஒயர் அவன் மடிமேல் கிடந்தது. அவன் மூச்சிரைப்பது ஒலிபெருக்கியில் தோட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சிப்பாய் ஒருவன் வந்து பெட்டியை அணைத்தான்.

மறுநாள் காலை செல்லாயியிடம் எதையும் மறைக்காமல் சொன்னான், தான் பாடியதையும் சேர்த்து. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரில அவருக்கு உக்கார எடம் இருந்துச்சா தம்பி? அவருக்கு முட்டி வலி."

"இருந்துச்சுக்கா. அவரோட சேர்த்துப் பன்னெண்டு பேருதான்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போன பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

மாயாண்டி திரும்பி வரவில்லை. அந்த வாரமே அதிகாரி மைக்கையும் ஜெயபாலன் கையில் கொடுத்தான். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொள்ள, தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தான். அடுத்த தோட்டம் காம்பார் பக்கம். லாரி கிளம்பியது. என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்த தாளை ஜெயபாலன் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான்.