ஒரு வாய் இறைச்சி

என் கணவர் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதமாக இதுதான் என் பிழைப்பு. பக்கவாதம் லேசாகத்தான் வந்தது. இழுத்த கையும் கோணிய வாயும் ஒரே மாதத்தில் சரியாகிவிட, பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். தொண்டை மட்டும் சரியாகவில்லை. அது எனக்கும் அவருக்கும், ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கும்தான் தெரியும்.

அந்தப் பெண் கறாரானவள். "மசிச்ச சாப்பாடுதான் கொடுக்கணும். தலையைக் குனிஞ்சு விழுங்கணும். வாயில இருக்கும்போது பேசவே கூடாது. அடைச்சுக்கிட்டா சத்தம் வராதும்மா, நீங்கதான் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்" என்றாள். அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றும் காட்டிக்கொடுத்தாள். நான் தையல்காரி. கடையில் சட்டை மாட்டி வைக்கும் பொம்மையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து இழுத்து இழுத்துப் பழகினேன். அதைப் பார்த்துவிட்ட ஒரு வாடிக்கைக்காரி தைக்கக் கொடுத்த துணியைக்கூட வாங்க வரவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கும் தொண்டை விஷயம் தெரியாது. "கல்யாணம் முடியற வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. அப்பன் சீக்காளின்னு அவளை ஒருத்தனும் சொல்லக்கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வழி தெரியாவிட்டால் சுற்றிச் சுற்றி வருவாரே தவிர இறங்கி ஒருத்தரிடம் கேட்கமாட்டார். அந்த மனுஷனிடம் நான் என்ன பேசி ஜெயிப்பது? தலையை ஆட்டினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்கவேண்டும்.

சம்பந்தி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்த இடம் பழைய நகரத்துக் கோட்டைச் சுவருக்குள் இருந்தது. கார் நுழையாத கல் பாவிய தெரு. கதவுக்கு மேலே பிராசரி என்று பித்தளை எழுத்து. அப்படியென்றால் என்ன என்று மகளைக் கேட்டேன்.

"பெரிய ஹோட்டல்தாம்மா. கொஞ்சம் அலட்டல் ஜாஸ்தி" என்றாள்.

உள்ளே ஆளுயரக் கண்ணாடிகள், சிவப்புத் தோல் இருக்கைகள், கணுக்கால் வரை வெள்ளை ஏப்ரன் கட்டிய பரிமாறுகிறவர்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. கரண்டிகூட தட்டில் அடக்கமாகத்தான் பட்டது. இங்கே ஒருவர் இருமினால் எல்லாத் தலையும் திரும்பும் என்று தோன்றியது.

சூப் போதும் என்று சொல்லிவிடுவதாகத் தெருவிலேயே எங்களுக்குள் ஏற்பாடு. ஆனால் சம்பந்தி நல்ல மனுஷர். சில நல்ல மனுஷர்கள் நம்மைக் கேட்காமலே நமக்கு நல்லது செய்துவிடுவார்கள். மெனுவை மூடி வைத்துவிட்டு, "இங்க வந்து இதைச் சாப்பிடாம போகக்கூடாது" என்று எல்லோருக்கும் வேகவைத்த இறைச்சி சொல்லிவிட்டார்.

"எனக்கும் அவருக்கும் சூப்..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லது நல்லது, இறைச்சியே வரட்டும்" என்றார் என் கணவர். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

தட்டு வந்தது. குழம்பில் மினுங்கிக்கொண்டு கை அகலத் துண்டு. இவருடைய தட்டை என் பக்கம் இழுத்து, "இவருக்குக் கத்தியெல்லாம் பழக்கமில்ல" என்று சிரித்தபடி பொடிப்பொடியாக நறுக்கத் தொடங்கினேன். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். தட்டைப் பிடுங்கிக்கொண்டார். மகள் என்னை முறைத்தாள், அப்பாவின் மானத்தை வாங்குகிறேனாம்.

முதல் வாய், தலையைக் குனிந்தார், இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. என் தட்டில் நான் கையே வைக்கவில்லை. சம்பந்தி கட்டட இஞ்சினியர். இது நானூறு வருஷத்துத் தானியக் கிடங்கு என்றும், கீழே நிலவறைக்குப் போகும் கல் படிகள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. இவர் தொண்டை மேலும் கீழும் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாய் பெரிசு. அவரே நறுக்கியது. அது வாயில் இருக்கும்போதுதான் சம்பந்தி திரும்பி, "முப்பது வருஷத்துல ஒரு ஆக்சிடென்ட் கூட இல்லையாமே சம்பந்தி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க இவரால் முடியாது. நிமிர்ந்தார். அவசரமாக விழுங்கினார். பேச வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

அடுத்து அவர் செய்ததை என்னால் இன்னும் மறக்கமுடியவில்லை. மடியில் விரித்திருந்த துணியால் வாயை மூடிக்கொண்டார். எல்லோரையும் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்பதுபோல் கையைக் காட்டினார். நாற்காலி உராயாமல் மெதுவாகத் தூக்கி நகர்த்திவிட்டு எழுந்தார். மரியாதையாக நடந்துபோய்க் கல் படியில் இறங்கினார்.

"கை கழுவப் போறார் போல" என்றார் சம்பந்தி.

நான் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், உட்கார்ந்துதான் இருந்தேன். ஒன்றுமில்லாமல் எழுந்து ஓடினால் சந்தி சிரிக்குமே என்று யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. பிறகு நாற்காலி விழுந்தது, நான் படியில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரே ஒரு கதவு, கழிவறைக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏங்க! கதவைத் திறங்க!"

கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். சுவரைத் தட்டுவதுபோல் ஏதோ கேட்டது. மறுபடி கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை. நான் அலறிய அலறலில் பரிமாறுகிறவர் ஒருவர் ஓடிவந்தார். வயசாளி. எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த வெண்ணெய்க் கத்தியின் நுனியைக் கைப்பிடிக்குக் கீழே, வெளியிலிருந்து திறக்க வைத்திருந்த பிளவில் விட்டுத் திருகினார். ஒருமுறை வழுக்கியது. இன்னொரு முறை வழுக்கியது. கடவுளே, இந்த மனுஷனை என்னிடம் கொடுத்துவிடு, இனிமேல் அவரைத் திட்டவே மாட்டேன் என்று வேண்டினேன். கதவு திறந்தது.

வாஷ்பேசினைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தார். உதடு நீலம். கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். பொம்மைக்குத் தொப்பை இல்லை, இவருக்கு இருந்தது. கை எட்டவில்லை. பரிமாறுகிறவர் அவர் தோளைத் தூக்கிப் பிடிக்க, முஷ்டியைச் சேர்த்து உள்ளும் மேலுமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி. நான்காவது இழுப்பில் துண்டு தரையில் விழுந்தது. அவர் மூச்சை இழுத்த சத்தம், ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் இருந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மேல யாருக்கும் சொல்லிடாதே" என்றார்.

"தாழ்ப்பாளை ஏங்க போட்டீங்க?"

"யாராவது உள்ள வந்துட்டா?"

எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. அடுத்த முறையும் இந்த மனுஷன் இதையேதான் செய்வார். துணியால் வாயை மூடுவார், நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்துவார், கதவைச் சாத்திக்கொண்டு சாவார். இவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி போதாது.

எழுந்து படியேறினேன். மேசையில் யாரும் சாப்பிடவில்லை. "ஒண்ணும் இல்லையே சம்பந்தியம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி மூன்று மாதமாகப் பழகிய நாக்கு அதையே சொல்லப் பார்த்தது.

"இருக்கு" என்றேன். அந்த இடத்தில் யாரும் பேசாத அளவு சத்தமாகத்தான் பேசினேன். "இவருக்கு விழுங்க வராது. பக்கவாதம் வந்ததிலேர்ந்து. இப்ப கீழ செத்துப் பிழைச்சிருக்கார். இனிமே இவர் சாப்பிடும்போது நீங்க எல்லாரும்தான் பார்த்துக்கணும். இதனால கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிகளில் எல்லாத் தலையும் திரும்பியிருந்தது. அவர் படியின் உச்சியில் பரிமாறுகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இந்த ஜென்மத்துல இனி உன்கூட எனக்குப் பேச்சே கிடையாது" என்றார். குரல் கரகரத்தது.

"பேச வேண்டாம்" என்றேன். "உயிரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருங்க. அது போதும்."