மழைப் பதிவேட்டின் எட்டாவது கட்டம்

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக வானிலை நிபுணர்களுக்கும் வருங்காலச் சந்ததியினருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கோத்தகிரிக்கு மேலே உள்ள மேல்பாறை எஸ்டேட்டின் மழைப் பதிவேட்டில் எட்டாவது கட்டம் நிரம்பும் திருநாள் வந்தேவிட்டது.

எட்டாவது கட்டத்தின் தலைப்பு ‘ஸ்னோ’, அதாவது வெண்பனி. பதிவேட்டை அச்சடித்த வெள்ளைக்காரன் தன் ஊர் நினைப்பில் போட்டுவிட்டுப் போன கட்டம். பெரிய கிளார்க்கு ஹெர்பர்ட் இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் இருக்கும் மழைமானியை அளப்பார், மழையை எழுதுவார், ஸ்னோவுக்கு நேராக ஒரு கோடு கிழிப்பார். இன்னும் பதினொரு நாளில் ரிட்டயர்மெண்ட். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டால் பிறவிப்பயன் கிட்டிவிடும் என்று காத்திருந்தார்.

தேயிலை விலை படுத்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் கவலை; ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் மட்டும்தான் ஓய்வு. அந்தப் பங்குனி ஞாயிறும் ஹெர்பர்ட் கோயிலுக்குப் போய், கறிக்குழம்பு சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் முறையாக ஓய்ந்திருந்தார். மூன்று மணிக்குத் தகரக் கூரை அதிர்ந்தது. இருபது நிமிஷம் யாரோ லாரி லாரியாகக் கூழாங்கல்லைக் கொட்டியதுபோல் ஒரே சத்தம். பிறகு சத்தம் நின்றது.

“என்னங்க, எந்திரிங்க! ஊரே வெள்ளையாக் கெடக்குது!” என்றாள் மனைவி தபித்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. தேயிலைச் செடி, பாதை, கோழிக்கூண்டு எல்லாம் வெள்ளை. கோட்டு மாட்டினார், டை கட்டினார், ஆழம் அளக்க அடிக்குச்சியைக் கையில் எடுத்தார்.

“அளவெடுத்து அதுக்கு என்ன, சட்டையா தைக்கப் போறீங்க?”

“சரித்திரம் உனக்குப் புரியாது தபித்தா.”

“வழுக்கும், பாத்துப் போங்க. அது எனக்குப் புரியுது.”

தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒருவரும் உள்ளே இல்லை. கொழுந்தெடுக்கும் மருதாயியும் அவள் சேக்காளிகளும் ஒரு வெள்ளை மனிதனை உருட்டி நிறுத்தி, முதுகில் கூடையை மாட்டியிருந்தார்கள். வயிறு மானேஜருடையது, சந்தேகமே இல்லை. ஆபீஸுக்கு இறங்கும் சரிவில் இலைச் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடக் கூச்சலோடு சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியய்யா, இது ஆலங்கட்டிங்க,” என்றான் பாய்லர்காரன் ராசு.

“பதிவேட்டுல எழுதறது நானா, நீயா?” என்று அதட்டி ஓர் அடி எடுத்து வைத்தார் ஹெர்பர்ட். அடுத்த அடியைச் சரிவே எடுத்து வைத்தது. கோட்டும் டையும் அடிக்குச்சியுமாக உட்கார்ந்த வாக்கிலேயே ஆபீஸ் வாசல்வரை போய்ச் சேர்ந்தார். மேலே எஸ்டேட்டே கைதட்டியது. ஆச்சரியம் என்னவென்றால், அவருக்குக் கோபம் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சாக்கு ஒண்ணு குடு,” என்றார். மூன்று தடவை சறுக்கினார்.

மூன்றாவது தடவை கீழே வந்தபோது மருதாயி நன்னாரி சர்பத்தில் ஆலங்கட்டி போட்டு நீட்டினாள். பல் கூசியது, அமிர்தமாக இருந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, கடமை உணர்வோடு ஆபீஸைத் திறந்தார். எட்டாவது கட்டத்தை எப்படி நிரப்புவது என்று பதிவேட்டின் முதல் பக்க விதிகளைப் படித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அதற்கு அவசியமே வந்ததில்லை. ‘ஆலங்கட்டி ஸ்னோ ஆகாது. மழைமானியில் விழுந்ததை உருக்கி மழைக் கணக்கில் சேர்க்கவும். மானியில் அளந்ததை மட்டுமே எழுதவும்.’

சரி, ஸ்னோ போனால் போகட்டும். இவ்வளவு கொட்டியிருக்கிறது, மழைக் கட்டத்திலாவது ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வாசலுக்கு வந்து மழைமானியைத் திறந்தார். பளபளவென்று காலியாக இருந்தது.

“இதுல இருந்தது எங்கே?”

“தரையில கெடந்ததெல்லாம் ஒரே மண்ணுங்க ஐயா,” என்றாள் மருதாயி. “இந்த டப்பாவ நீங்கதான் தெனமும் தொடச்சுத் தொடச்சு வெக்கிறீங்க. அதான் சர்பத்துக்கு அதுல இருந்து வழிச்சுக்கிட்டோம்.”

“ரெண்டு டம்ளர் உங்க பங்குங்க,” என்றான் ராசு.

ஹெர்பர்ட் மழைமானியைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டு, கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. “மிச்சம் இருந்தா அதையும் ஊத்து புள்ள!” என்றார். வெயில் வந்து, மானேஜரின் வயிறு முதலில் கரைந்தது. இருட்டும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கைப்பட எழுதியது இன்றும் பதிவேட்டில் இருக்கிறது: மழை இல்லை, ஸ்னோ இல்லை.