பேச்சு இலவசம்

மேம்பாலத்திலிருந்து இறங்கி மூன்று சாலைகள் பிரிகிற இடத்தில் போனிலிருந்த மேப் நின்றுவிட்டது. நீலக் கோடு பாதியில் அறுந்து, அதற்கப்பால் எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாகக் கிடந்தன. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. டாக்சிக்காரர் மூன்று சாலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று நடுச்சாலையில் வண்டியை விட்டார். அது தப்பான சாலை என்பதைப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. வண்டியில் ஏறியதிலிருந்து உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

"அண்ணே, எங்க போறீங்க? எனக்கு இன்டர்வியூ இருக்கு."

"மேப் நின்னுடுச்சும்மா. இதோ வந்துடும்."

"டேட்டா இல்லையா?"

"அன்லிமிடெட்தாம்மா."

மேப் வரவில்லை, ஒரு குறுஞ்செய்திதான் வந்தது. உங்கள் குடும்பத் திட்டத்தின் அதிவேக டேட்டா தீர்ந்துவிட்டது, குறைந்த வேகத்தில் வரம்பின்றித் தொடர்ந்து மகிழுங்கள் என்று அதில் இருந்தது. மகிழ்வதற்குள் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, வேறொரு வண்டியில் ஏறிவிட்டாள். போகிற போக்கில் ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டாள். அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. தன் மகளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள், பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றாள்.

ஸ்டாண்டில் மற்ற ஓட்டுநர்கள் அவரை மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை பார்த்த டயர் தொழிற்சாலையை மூடிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். மற்றவர்களுக்குத் தெருக்கள் ரத்தத்தில் ஓடின, இவருக்குப் போனில் ஓடின. "மேப்பு, உன் வீட்டுக்குப் போறதுக்காவது வழி தெரியுமா, அதுக்கும் போன்ல பேசுற அந்தம்மா சொல்லணுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் இந்த மாதத்தில் மேப் இப்படி நிற்பது முதல் தடவையல்ல. அதுவும் மாதம் பாதிகூடத் தாண்டவில்லை.

அன்று மத்தியானமே போன் கம்பெனியின் கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர், சுவரெல்லாம் சிரிக்கிற குடும்பங்களின் படங்கள். எல்லாப் படத்திலும் எல்லோர் கையிலும் ஒரு போன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"மூணு நம்பரும் ஒரே பிளான்ல இருக்கு சார். உங்களுது கொஞ்சம்தான் ஆகுது. மேடத்துது ஒண்ணுமே இல்ல. இந்த மூணாவது நம்பர்தான் முக்கால்வாசியும் சாப்பிடுது."

"அது என் பொண்ணு. படம் கிடம் பாக்குறாளோ?"

"படம் பாத்தா வர்ற டேட்டா மட்டும்தான் ஏறும். இதுல போறதும் வர்றதும் சரிசமமா இருக்கு பாருங்க. இது வீடியோ கால். தினமும் மணிக்கணக்குல ஓடுது." அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். "வீடியோ இல்லாம சும்மா பேசச் சொல்லுங்க சார். பேச்சு எல்லா பிளான்லயும் இலவசம். விடிய விடியப் பேசினாலும் ஒரு பைசா ஏறாது."

"அவளுக்குக் காது கேக்காதும்மா. பொறந்ததுலேர்ந்து. கையாலதான் பேசுவா."

அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. பிறகு அவசர அவசரமாகப் பெரிய திட்டம் ஒன்றைக் காட்டினாள். அதில் வேகம் குறையவே குறையாது. ஆனால் அதன் விலை இப்போது கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வண்டிக்கான தவணை, மனைவியின் கண் சொட்டு மருந்து, பின்சக்கரம் வழுக்கையாகிக் கிடப்பது எல்லாம் அவர் மனதில் வரிசையாக வந்து நின்றன. வேண்டாம் என்று தலையாட்டினார். "அப்படின்னா இன்னொரு வழி இருக்கு. அந்த நம்பருக்கு மட்டும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு வச்சுடலாம். உங்க போன்லயே வைக்கலாம், நீங்கதானே ஓனர்." அவர் போனை வாங்கி எந்த இடம் என்று காட்டினாள். அவரே அழுத்தினார். சின்ன வட்டம் ஒன்று இடமிருந்து வலம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

வெளியே வரும்போது வாசலில் நின்ற ஒரு பையன் தாளை நீட்டினான். வாடிக்கையாளர் விருப்பக் கணிப்பு. நீங்கள் அதிகம் விரும்புவது வேகமா, அளவா, விலையா? அவர் பேனாவை வாங்கி, எதிலும் குறி போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் கேட்டார்.

"தினமும் யார்கூடப் பேசுறா?"

மனைவி அடுப்பைத் தணித்தாள். யார் என்ன என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அதிலிருந்தே அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவளே உங்ககிட்ட சொல்லுவா. கொஞ்சம் பொறுங்க."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நல்லாருக்கு."

மகள் சிறுமியாக இருந்தபோது மனைவிதான் அவளோடு பள்ளிக்கூடம் போய் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து சைகை மொழி கற்றாள். அவருக்கு அப்போது ஷிப்ட் மாறி மாறி வரும். சாப்பாடு, தூக்கம், மருந்து, மழை, பணம், பத்திரம், எப்போ வருவே என்று வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்டார். மகளும் அவரோடு பேசும்போது கையை மெதுவாக்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள், பல்லில்லாதவருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுப்பது மாதிரி. அவள் வேலையும் பல் சம்பந்தப்பட்டதுதான். செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் பற்களுக்கு நிறம் தீட்டுகிறாள். பழைய பல்லின் மங்கலையும் கறையையும்கூட அப்படியே கொண்டுவந்துவிடுவாள் என்று அந்தக் கூடத்தின் முதலாளி ஒரு முறை அவரிடம் சொன்னார். கூடத்துக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, பேசுவதென்றால் வீட்டில்தான்.

வரம்பு வைத்த பிறகு மேப் நிற்கவேயில்லை. நீலக் கோடு அறுபடாமல் ஓடியது, நட்சத்திரங்கள் ஏறின. ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. வீட்டுக்கு வந்தால் மகள் ஓரிடத்தில் உட்காருவதில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் மாடிப்படிக்கும் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். வீட்டுக்குள் பூனைக்குட்டியைத் தொலைத்தவள் போல மூலை முடுக்கெல்லாம் போய் நின்று பார்த்தாள்.

ஒரு நாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனவர், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் அவளைப் பார்த்தார். போனைச் சுவர்மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேசிக்கொண்டிருந்தாள். அப்படியொரு வேகத்தை அவர் அவளிடம் கண்டதேயில்லை. கைகள் ஒன்றையொன்று துரத்தின. புருவம் ஏறி இறங்கியது. கன்னத்தை உப்பிக்கொண்டு யாரையோ போல நடித்துக் காட்டினாள், தோளைக் குலுக்கிச் சிரித்தாள், எதிலோ குறுக்கே பாய்ந்து மறுத்தாள். அவர் துணியை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டார். இவ்வளவு பேச்சு இவளிடம் இருந்ததா? ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும் அவரிடம் வந்ததெல்லாம் சாப்பாடும் மழையும்தானே? போனில் தெரிந்த இளைஞனுக்குக் கண்ணாடியும் கலைந்த முடியும் இருந்தன. திடீரென்று அவன் உறைந்துபோனான். வாய் பாதி திறந்து, கை நெஞ்சுக்கு முன்னால் ஒரு புகைமூட்டமாக நின்றது. மகள் போனை எடுத்து உதறினாள், வானத்தை நோக்கித் தூக்கினாள். அவர் சத்தமில்லாமல் படியிறங்கினார். இறங்கிய பிறகுதான் உறைத்தது, சத்தம் போட்டே இறங்கியிருக்கலாம்.

அன்றே வரம்பை எடுத்திருக்கலாம். பையிலிருந்து போனை எடுக்கவும் செய்தார். அப்புறம், மேப் நின்றால் பிழைப்பு என்னாவது, ரெண்டு நாளில் பழகிக்கொள்வாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மேப் மட்டுமே காரணமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கண்ணாடிக்காரனுக்குக் கிடைக்கிற எதுவோ தனக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அதன் குழாயை மூடுகிற திருகு மட்டும் தன் கையில் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில், ரயில் நிலையத்துக்கு வெளியே சவாரிக்காகக் காத்திருந்தபோது மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, அவ பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. அந்தப் பையனைப் பாக்கப் போறாளாம். நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

"தனியாவா? எதுக்கு?"

"அவனுக்கு வெளிநாட்டுல வேல கெடச்சிருக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவன். நேத்து அதச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே அவன் படம் நின்னுடுச்சாம். நீயும் வான்னு சொல்ல வந்தானா, என்னை மறந்துடுன்னு சொல்ல வந்தானான்னு இவளுக்குத் தெரியல. ராத்திரி பூரா கண்ணை மூடலை."

"எழுதிக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா. எழுத எனக்கு வராது, கையால சொல்றேன்னு எழுதினான். கையால சொல்லத்தான் இங்க வழி இல்லையே. என்ன சிக்னலோ, எழவோ!"

வந்த சவாரியை ரத்து செய்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு மேப் தேவைப்படவில்லை. எந்தச் சந்தில் திரும்பினோம் என்று பிறகு யோசித்தபோது அவருக்கே நினைவு வரவில்லை.

மகள் வரிசையின் கடைசியில், தோளில் ஒற்றைப் பையோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. தடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது, பையின் வாரை இறுகப் பிடித்தாள். அவர் இல்லை, இல்லை என்று கையசைத்தார். அதற்கு மேல் என்ன சொல்வது? நான்தான் செய்தேன் என்பதற்கு அவரிடம் சைகை இல்லை. நான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவள் போனைச் சுட்டினார். பிறகு கையை ஒரு கத்தி போல வைத்து வெட்டிக் காட்டினார். அவள் புரியாமல் பார்த்தாள். அவர் தன் போனை எடுத்து, அவள் நம்பரும் அதன் கீழே வரம்பும் இருந்த பக்கத்தைத் திறந்து அவள் கண்ணெதிரே பிடித்தார். இரண்டு முறை கட்டைவிரல் தவறி, மூன்றாம் முறை அந்த வட்டத்தை இந்தப் பக்கம் தள்ளினார்.

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

அப்புறம் பேசினாள். அவருக்காக மெதுவாக்கவில்லை, சொல் சொல்லாகப் பிரித்து வைக்கவில்லை. மாடியில் பார்த்த அதே கைகள் இப்போது அவர் முகத்துக்கு நேரே பறந்தன. உள்ளங்கையில் முஷ்டி விழுந்தது, விரல்கள் விரிந்து மூடின, கண்கள் நிறைந்து வழிந்தபோதும் துடைக்கக் கைகளுக்கு நேரமில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "என்னப்பா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"திட்டுறா" என்றார் அவர்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

அவர் ஒரு சொல்லையும் பிடிக்க முடியாமல், ஆனால் கண்ணை எடுக்காமல், அவள் முடிக்கிற வரை நின்றார். பஸ் வந்துவிட்டது. இனிமேல் போனிலேயே கேட்டுவிடலாம், ஆனாலும் அவள் குனிந்து பையை எடுத்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த நோட்டுகளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி, அவருடைய தோளில் ஒரு குத்து வைத்துவிட்டு ஏறினாள். வலிக்கிற குத்துதான். அது கோபத்தில் விழுந்ததா, வேறெதிலாவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

குளிர்சாதன பஸ், ஜன்னல்கள் திறக்காது. வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் காதில் கையை வைத்து, "என்ன? என்ன?" என்று வாயசைத்தார்கள். ஒரு பெண் "சாவி, சாவி" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து புன்னகையோடு டாட்டா காட்டினான். மகள் பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு இப்பால் நின்ற அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள். மிக மெதுவாக, அவருக்கென்று. நான், என்றாள். வருவேன், என்றாள். மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அது அவருக்குத் தெரியாத சொல். நடுவிரல் மடங்கி, கட்டைவிரல் மோவாயைத் தொட்டு, கை வெளியே போனது. அவர் இன்னொரு தரம் என்று கெஞ்சினார். அவள் மறுபடி செய்வதற்குள் பஸ் பின்வாங்கி, திரும்பி, வேறு முகங்களைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்கு அவர் வேகமாக நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மூன்றாவது சொல் நாளையா, அவனோடா, இல்லை ஒருபோதும் இல்லையா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினால் சொல்லிவிடுவாள். மறந்துவிடக் கூடாது என்று வலது கையை அந்தச் சொல்லாகவே மோவாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வலது பக்கச் சட்டைப்பையில் இருந்த வண்டிச் சாவியை இடது கையால் எட்டி எட்டித் துழாவிக்கொண்டிருந்தார்.