தட்டில் மிஞ்சியது உருளைக்கிழங்கு

அந்த வாரம் தக்காளியின் முறை.

மெக்கானிக் சமையலறைக் கூடையில் கிடந்த தக்காளியை ஒன்று விடாமல் பையில் அள்ளி, கீழ்வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். போன வாரம் பால் போனது. அதற்கு முன்னால் ரொட்டி, வேர்க்கடலை, சோளம், பீன்ஸ், சாக்லேட். எல்லாம் அதே படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியவைதான். கீழ்வீட்டில் எல்லோரும் மதமதவென்று ஊதிக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டில் மகள் குண்டூஸ் துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது புள்ளைங்க. வாஷிங் மெஷின் இல்ல" என்றாள் மனைவி, காலியான கூடையைப் பார்த்து.

"மெஷினா இருந்திருந்தா இந்நேரம் சரி பண்ணிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன்."

பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் வந்த பெயர் குண்டூஸ். இப்போது பதினோரு வயது. பள்ளிச் சீருடை அவள்மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. இரண்டு வருஷமாகக் குடல் அழற்சி. குடலின் உட்சுவர் புண்ணாகும், வீங்கும், கொஞ்சம் ஆறும், ஆறிய கையோடு மறுபடி புண்ணாகும். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம்.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"சிறுகுடல் முடியிற எடத்துல கொஞ்சம் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. மருந்த மாத்தியிருக்கேன். மூணு மாசத்துல திரும்ப ஸ்கேன் பாப்போம். இன்னும் சுருங்கியிருந்தா அந்தத் துண்ட வெட்டி எடுக்குறதத் தவிர வேற வழி இல்ல."

"எந்தச் சாப்பாடு ஒத்துக்கலன்னு கண்டுபிடிச்சுட்டா தப்பிச்சுடலாமா டாக்டர்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இது சாப்பாட்டால வர்ற நோய் இல்ல. ஆனா சில சாப்பாடு சில புள்ளைங்களுக்கு வலியக் கிளறிவிடும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொண்ணு. என்ன சாப்பிட்டா எப்ப வலிக்குதுன்னு கவனிச்சு வந்து சொல்லுங்க. எங்களக் கேக்காம நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. வளர்ற புள்ள."

கவனிக்கச் சொன்னது மெக்கானிக்கின் காதில் விழுந்தது. நிறுத்த வேண்டாம் என்றது விழவில்லை.

தொழிலில் அவர் கைராசிக்காரர். ஒரு மெஷின் கடமுட என்று சத்தம் போட்டால் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுவார். சத்தம் நின்றுவிட்டால் மோட்டார் நிரபராதி. பிறகு டிரம், பிறகு பம்ப். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் சத்தம் நின்றே ஆக வேண்டும். நிற்காத மெஷினை அவர் பார்த்ததில்லை.

அதே வழியில்தான் மகளின் தட்டையும் பிரித்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் விசாரணை தொடங்கும். எங்கே வலித்தது, எப்போது தொடங்கியது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாள்? திருட்டு கேஸில் மாட்டியவளைப் போலக் குண்டூஸ் சுவரோரமாக நின்று பதில் சொல்வாள். சொன்ன பதிலுக்குத் தக்கபடி ஏதாவது ஒன்று படியிறங்கிப் போகும்.

தக்காளி போயும் வலி நிற்கவில்லை. அடுத்து முட்டை.

முட்டை என்றால் அவளுக்கு உயிர். கடைசி முட்டையை வெள்ளைக் கருவில் தொடங்கி, மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, ஆறிப்போன பிறகு நுனி நாக்கால் கரைத்துத் தின்றாள். மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் கேட்டார்.

"வலிச்சுதா?"

"இல்லப்பா."

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுவதும், அதற்கு மறுவாரமும் "இல்லப்பா" தவிர வேறு பேச்சே இல்லை. மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"முட்டைதான்! நான் சொல்லல?" என்று கடையில் மேசையைத் தட்டினார்.

கடையில் கூட்டாளியாக இருந்தவன் மனைவியின் தம்பி. வாயில் எப்போதும் குசும்பு. "மாமா, போர்டுல 'குடலும் பழுது பார்க்கப்படும்'னு ஒரு வரி சேத்துடலாமா?" என்றான்.

"போடா மாப்ள" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வீட்டில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சீருடை தைக்கிற கடையில் வேலை பார்ப்பவள். அளவு அவள் கண்ணுக்குத் தப்பாது.

"சத்தம் நின்னுச்சு, சரி. இடுப்பு ஏன் இன்னும் இறங்கிட்டே போகுது? இந்த மாசத்துல ரெண்டாவது தடவ பாவாடையப் பிடிச்சுத் தச்சிருக்கேன்."

"இப்பதான நின்னிருக்கு. ஏறும்."

தட்டில் அப்போது மிஞ்சியிருந்தவை சோறு, வெறுமனே வேகவைத்த கோழி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு. அந்த உருளைக்கிழங்கை எண்ணெயில் முறுகலாக வதக்கிக் கொடுத்தால் மட்டும் குண்டூஸின் முகத்தில் பழைய குண்டூஸ் எட்டிப் பார்ப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பம்ப்பை எடுத்துப்போக மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். வாசலில் பள்ளிக்கூட ஷூ கிடந்தது. பள்ளி விடுகிற நேரமில்லை. குளியலறையில் குழாய் முழுசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது.

வாளி நிறையும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது ஏறவில்லை. எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று. மெஷின்களின் முனகலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அது மெஷின் இல்லை என்று உடனே கண்டுகொண்டது.

கதவைத் தட்டினார். வெகுநேரம் கழித்துத் திறந்தது. வேர்த்துக் கொட்டிய முகம். கையில் துண்டு. அதன் ஒரு முனை எச்சிலில் நனைந்து, பல்தடம் பதிந்து கசங்கியிருந்தது.

"எத்தன நாளா?"

அவள் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"முட்டைய நிறுத்துனதுக்கப்புறம் வலி நின்னுச்சுன்னு சொன்னியேம்மா?"

"வலி நிக்கவே இல்லப்பா."

"அப்ப ஏன் இல்ல இல்லன்னு சொன்ன?"

"சொன்னா உருளைக்கிழங்கையும் எடுத்துடுவீங்கல்ல."

மெக்கானிக் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா கோபப்படவில்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட்டாள்.

"பீன்ஸ் மட்டும் பொய்ப்பா. அன்னிக்கு வலிக்கவே இல்ல. எனக்கு அது புடிக்காது, அதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டார்.

"பால்? ரொட்டி?"

"தெரியலப்பா. சாப்பிட்டாலும் வலிச்சுது, சாப்பிடாட்டியும் வலிச்சுது. நீங்க கேட்டுட்டே இருந்தீங்களா... அதான் ஏதோ ஒண்ணச் சொன்னேன்."

இத்தனை மாத விசாரணையும் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து தண்ணீரோடு ஓடியது. எது உண்மை, எது பயம், எது பிடிவாதம்? இனி அவளுக்கே தெரியப்போவதில்லை.

"சரி, போனது போகட்டும்" என்றார். "டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிடு. எதையும் மறைக்காத. உன் தட்டுல இருந்து இனிமே ஒண்ணும் போகாது. அப்பா சத்தியமாச் சொல்றேன்."

"உருளைக்கிழங்கு?"

"யாரும் தொட மாட்டாங்க."

அவள் நம்பினாள். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து துண்டு, குழாய், பீன்ஸ் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். டாக்டரம்மா மூன்று மாதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினார்.

படம் வந்தது. திரையில் குடல் ஓர் இடம் வரைக்கும் பருமனாக வந்து, அங்கே நூலாக மெலிந்து போயிருந்தது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற படம்.

"நீங்க சாப்பாட்ட எடுத்ததால இது சுருங்கல" என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தால் மெக்கானிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எடுக்காம இருந்திருந்தாலும் சுருங்கியிருக்கலாம். ஆனா அவ வலி எனக்குத் தெரிஞ்சிருந்தா முன்னாடியே பாத்திருப்பேன். வெட்டித்தான் எடுக்கணும். ஆனா இந்த எடையில வெட்டுனா தையல் சரியா ஆறாது. உடம்பு முதல்ல தேறணும்."

"என்ன கொடுக்கணும்னு சொல்லுங்க, கொடுக்குறோம்" என்றாள் மனைவி.

"ஒரு பவுடர் தர்றேன். தண்ணியில கலந்து குடிக்கணும். ஆபரேஷன் வரைக்கும் அது மட்டும்தான். சோறு, பழம், கிழங்கு, எதுவுமே வாயில படக் கூடாது. அந்தச் சின்ன சந்துல அடைச்சுடுச்சுன்னா ஆபத்து."

"ஆபரேஷனோட தீந்துடுமா டாக்டர்?"

"அந்த எடம் தீந்துடும். வேற எடத்துல மறுபடி வரலாம்." குண்டூஸின் பக்கம் திரும்பி, "எந்தச் சாப்பாடு ஒத்துக்கலங்கறத அப்புறம் முதல்லேருந்துதான் பாக்கணும். அவ வாயால சொல்றதுதான் நமக்கு இருக்குற ஒரே வழி" என்றார்.

குண்டூஸ் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"நான் சொன்னதாலதான?" என்றாள்.

"இல்லம்மா, அது வந்து..."

"சத்தியம்னு சொன்னீங்க."

அவ்வளவுதான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மனைவி முதல் டம்ளரைக் கலக்கிக் கொடுத்தாள். வெனிலா வாசம் வீசும் வெள்ளைத் திரவம். குண்டூஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடித்தாள், மூச்சு வாங்கிவிட்டு மீதியையும் குடித்தாள். பிறகு கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் கை வயிற்றைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை.

மெக்கானிக் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

"வலிக்குதாம்மா? இனிமே எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. உண்மையச் சொல்லு."

"இல்லப்பா."

பள்ளிக்கூடத்தில் வருகைக்குக் குரல் கொடுப்பது போல, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தாள். தூக்கமா, வலியா, கோபமா? எதுவாகவும் இருக்கலாம்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க சொல்றா?"

"வலி இல்லையாம்."

அவள் அவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். உள்ளே போய் அடுத்த டம்ளருக்குத் தண்ணீரை ஆறவைத்தாள்.